இலையுதிர் காலத்தில் மூன்று நாள்: தென் பிரான்சுச் சிற்றூர்களில் கஷ்கொட்டை விழாவும் நடையும் (ஆலோசனை தேவை)

சேன்நதிக்கரை · செப்டம்பர் 21, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் கடைசியில் வரும் பள்ளி விடுமுறையில் மூன்று நாள்களைத் தென் பிரான்சின் சிற்றூர்ப் பக்கம் கழிக்கலாம் என்று எண்ணியிருக்கிறோம். நான், கணவர், பத்து வயது மகள், காரைக்காலிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் அம்மா என நான்கு பேர். அம்மாவுக்கு 67 வயது. சமதளத்தில் இரண்டு மணி நேரம் சளைக்காமல் நடப்பார். இறக்கம் வந்தால் முழங்கால் வலி தொடங்கிவிடும். அவர் சைவம்.

பாரிசில் மெத்ரோ வாசலில் வண்டி வைத்துச் சுட்டு விற்கும் கஷ்கொட்டையை (செஸ்ட்நட்) அம்மா ஒரு நாள் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இது எந்த மரத்தில் காய்க்கிறது, அதை எனக்குக் காட்டு" என்றார். இந்தப் பயணத்தின் வித்து அதுதான். சனிக்கிழமை ஆர்தெஷ், ஞாயிற்றுக்கிழமை கொலோப்ரியேர், திங்கட்கிழமை செவேன் மலையில் ஒரு நடை என்று ஒரு திட்டம் வரைந்திருக்கிறேன். மூன்று இடங்களிலும் கஷ்கொட்டை விழாக்கள் நடப்பதாக அறிகிறேன். சரியாக வருமா?

கூழாங்கல் · செப்டம்பர் 21, இரவு 10.45

வணக்கம் சகோதரி. திட்டத்தைப் பார்த்ததும் எனக்கே மூச்சு வாங்கியது. கொலோப்ரியேர் மத்தியதரைக் கடலோரத்து மோர் மலைத்தொடரில் இருக்கிறது. ஆர்தெஷ் ரோன் ஆற்றுக்கு மேற்கே, வடக்காகத் தள்ளி இருக்கிறது. இவ்விரண்டையும் அடுத்தடுத்த நாள்களில் பார்த்தால் உங்கள் அம்மா மரத்தைக் காரின் கண்ணாடி வழியாகத்தான் காண்பார். கொலோப்ரியேர் விழா அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பது. ஊர் சிறியது, கூட்டம் பெரியது. ஆர்தெஷில் விழா ஒரே ஊரில் நிற்பதில்லை. இலையுதிர் காலம் முழுவதும் வார இறுதி தோறும் ஓர் ஊராக நகர்ந்துகொண்டே போகும். அங்கு விளையும் கஷ்கொட்டைக்கு 2006இலேயே பிறப்பிடப் பெயர்க்காப்பு கிடைத்துவிட்டதால், பெயரளவில் அதுவே முன்னணியில் நிற்கிறது.

இந்த விழாக்கள் எல்லாம் ஏன் மலைச்சரிவு ஊர்களில் மட்டும் நடக்கின்றன என்பதை அறிந்துகொண்டால் இடத்தைத் தேர்ந்தெடுப்பது எளிது. கஷ்கொட்டை மரத்துக்குச் சுண்ணாம்பு மண் ஒத்துக்கொள்ளாது. பலகைப் பாறையும் கருங்கல்லும் உதிர்ந்து உருவான அமில மண்ணில்தான் அது செழிக்கும். ஆகவே ஒரே மாவட்டத்தில் சுண்ணாம்புப் பீடபூமியில் ஆடும் புல்லுமாக இருக்கும். பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் பாறை மாறிய உடனே கஷ்கொட்டைத் தோப்பு தொடங்கிவிடும். நடந்து போகிறவருக்குக் காலடியில் கல்லின் நிறம் மாறுவதே அடையாளம்.

என் ஓட்டு செவேனுக்கு. ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஸ்டீவன்சன் 1878 செப்டம்பர் பிற்பகுதியில் மொதெஸ்தின் என்ற கழுதையோடு பன்னிரண்டு நாள் நடந்த பாதை இன்று ஜிஆர் 70 என்ற எண்ணோடு, வெள்ளையும் சிவப்புமான கோடுகளால் குறிக்கப்பட்டிருக்கிறது. ஓர் இரவு அவர் தார்ன் பள்ளத்தாக்கின் சரிவில் கஷ்கொட்டை மரங்கள் நின்ற ஒரு குறுகிய மேடையில் படுத்தார். விடிந்ததும் அம்மரங்களின் கிளைகளைக் கழிக்க வந்தவர்களிடம் அகப்பட்டுக்கொண்டார். அந்தக் கல்லடுக்கு மேடைகள் இன்னும் இருக்கின்றன. கடைசிக் கட்டமான சேன்-ஜெர்மேனிலிருந்து சேன்-ஜான்-து-கார் வரை இருபது கிலோமீட்டருக்கு மேல் வரும் என்பதால், உங்கள் அம்மாவுக்கு அதில் ஒரு துண்டு போதும்.

துலூஸ் செல்வி · செப்டம்பர் 22, காலை 7.55

கூழாங்கல் அண்ணா, அந்தப் பாதையில் "ஒரு துண்டு" என்பது கணவாய்க்கு ஏறி மறுபக்கம் இறங்குவது. 67 வயது முழங்காலுக்கு நீங்கள் பரிந்துரைப்பது முழு இறக்கம்! ஸ்டீவன்சனே பயண முடிவில் கழுதையை 35 பிராங்குக்கு விற்றுவிட்டு வண்டி ஏறியவர்தாம். வாங்கிய விலை 65 பிராங்கும் ஒரு கோப்பை பிராந்தியும். நடை யாருக்கு எவ்வளவு தேய்மானம் என்பதை அந்தக் கணக்கே சொல்கிறது.

மழைமானி · செப்டம்பர் 22, மதியம் 1.20

இடத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள். நான் நாளைப் பற்றிப் பேசுகிறேன். நீம் நகரில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். நம் ஊரில் ஐப்பசியில் அடைமழை என்பது போல, இம்மலைகளுக்கும் அதே மாதங்களில் ஒரு மழை உண்டு. ஆனால் இது நாள்கணக்கில் நின்று பெய்வதில்லை, சில மணி நேரத்தில் கொட்டித் தீர்ப்பது. கோடை முழுவதும் வெயிலில் சூடேறிய மத்தியதரைக் கடலிலிருந்து ஈரக்காற்று தெற்கிலிருந்து வருகிறது. மலைச்சுவர் அதை மேலே தூக்குகிறது. மேகம் நகராமல் ஒரே பள்ளத்தாக்கின் மேல் புதிது புதிதாகத் திரள்கிறது. இதற்குச் செவேன் மழை என்றே வானிலையாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். 2002 செப்டம்பர் 8, 9 ஆகிய நாள்களில் ஆந்தூஸ் பகுதியில் 24 மணி நேரத்தில் 600 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டியது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நான் குடிவந்த பிறகு 2020 செப்டம்பரிலும் எகுவால் மலையடிவாரத்தில் அதுபோன்ற ஒரு நாள் வந்தது.

அதற்காகப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. இரண்டு மழைகளுக்கு இடையே வரும் அக்டோபர் நாள்களின் வெளிச்சத்துக்கு ஈடு இந்த நாட்டில் வேறில்லை. வானிலைத் துறை மாவட்டம் வாரியாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை வெளியிடும். மஞ்சள் என்றால் ஆற்றோரப் பாதையை விட்டுவிடுங்கள். ஆரஞ்சு என்றால் வீட்டில் சீட்டாடுங்கள். சாலை ஆற்றை மேம்பாலம் இல்லாமல் தாழ்வாகக் கடக்கும் இடங்களில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் என்று தோன்றினாலும் காரை இறக்காதீர்கள். விழா ரத்தானால் ரத்து. ஊர் மன்றமே முதல் நாள் மாலை அறிவித்துவிடும். தங்குமிடத்தை முன்பதிவு செய்யும்போது கடைசி நேரத்தில் விலகிக்கொள்ளும் வசதி உள்ளதாகப் பாருங்கள்.

பனங்கிழங்கு · செப்டம்பர் 22, இரவு 8.30

நான் பெசியேயில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. நீங்கள் மூவரும் சொன்ன எல்லா நிபந்தனைகளுக்கும் பொருந்துகிற ஓர் ஊர் எங்களுக்கு வடக்கே ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறது: ஒலார்க்.

ஜோர் ஆற்றின் வளைவில், ஒரு குன்றின் மேல் கூட்டமாக ஏறி நிற்கும் பழைய ஊர் அது. உச்சியில் பழங்கோட்டையின் மிச்சமான கோபுரம் தேவாலய மணிக்கூண்டாக மாறி நிற்கிறது. கீழே நடுவில் கூன்போல் உயர்ந்த இடைக்காலக் கற்பாலம். அதைப் பிசாசின் பாலம் என்பார்கள். பின்னால் 1,091 மீட்டர் உயரமுள்ள கரூ மலை. அக்டோபர் இறுதி அல்லது நவம்பர் தொடக்கத்து வார இறுதியை ஒட்டி அங்கே கஷ்கொட்டையும் புது வைனும் சேர்ந்த விழா நடக்கும். தேதி ஆண்டுக்காண்டு சற்று மாறுவதால் ஊர் மன்ற அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவின் கஷ்கொட்டையும், கீழே சேன்-சினியான், ஃபோஜேர் பக்கத்துத் திராட்சையில் செய்த புது வைனும் ஒரே பருவத்தில் சந்தைக்கு வருவதால் இரண்டுக்கும் ஒரே விழா.

முழங்காலுக்கு வருகிறேன். மஸாமேயிலிருந்து பெதாரியூ வரை ஓடிய பழைய ரயில் தடத்தைத் தண்டவாளம் அகற்றி, நடப்பவருக்கும் மிதிவண்டிக்குமான பாதையாக மாற்றியிருக்கிறார்கள். ஏறத்தாழ 80 கிலோமீட்டர். பெயர் பாசா பாயிஸ். ரயில் ஏறக்கூடிய சரிவுக்கு மேல் அதில் எங்கும் சரிவு கிடையாது. பழைய பாலங்களின் மேலும் சுரங்கங்களுக்குள்ளும் போகிறது. மேற்கே ஒரு சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் விழும் மழை அட்லாண்டிக்குக்குப் போகிறது, இந்தப் பக்கம் விழுவது ஜோர், ஓர்ப் வழியே மத்தியதரைக் கடலுக்கு வருகிறது. ஒலார்க் இப்பாதையின் மேலேயே இருக்கிறது. மோன்-லா-திரிவால் என்ற அடுத்த ஊரிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். அம்மா நடந்தே விழாவுக்குப் போகலாம்.

கடைசியாக ஒன்று. அம்மாவிடம் கஷ்கொட்டை மாவாக அரைபடுவதையும் சொல்லுங்கள். இங்கே ஒரு காலத்தில் ஏழைகளுக்கு ரொட்டியே இதுதான். மரத்துக்கு ரொட்டி மரம் என்றே பெயர். இலையுதிர் காலத்தில் பொறுக்கிய கொட்டைகளை ஒரு சிறிய கல்வீட்டின் மேல்தளத்தில் இடைவெளி விட்ட பலகைகள் மேல் பரப்பி, கீழே புகையும் நெருப்பை வாரக்கணக்கில் அணையாமல் காப்பார்கள். இந்தப் பக்கம் அந்த வீட்டுக்குச் செகாது என்று பெயர், செவேனில் கிளேத் என்பார்கள். காய்ந்த கொட்டையை, அடியில் பல் வைத்த மரச்செருப்பு அணிந்து மிதித்து ஓடு நீக்கி, பனிக்காலம் முழுவதும் கஞ்சியாகக் காய்ச்சினார்கள். முதன்முதலில் அதை ஓர் அருங்காட்சியகத்தில் பார்த்தபோது நான் நெடுநேரம் நகரவில்லை. பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து ஒடியலாக்கி, கூழ் காய்ச்சிக் குடித்த வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்தக் கல்வீடு அந்நியமாகத் தெரியவில்லை.

சேன்நதிக்கரை · செப்டம்பர் 23, காலை 9.00

பனங்கிழங்கு அண்ணா, மிக்க நன்றி. ஒலார்க் என்று முடிவு செய்துவிட்டோம். இரண்டு கேள்விகள். வேட்டைக் காலம் என்று அலுவலகத்தில் ஒருவர் பயமுறுத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாதையில் குழந்தையோடு நடப்பது பாதுகாப்பா? அடுத்து, அம்மாவுக்கு விழாவில் உண்ண என்ன கிடைக்கும்?

கூழாங்கல் · செப்டம்பர் 23, இரவு 9.25

என் பரிந்துரை தோற்றுப்போனதை ஒப்புக்கொள்கிறேன். ரயில் தடத்துக்கு மேல் வாதிட ஒன்றுமில்லை. வேட்டையைப் பற்றிச் சொல்கிறேன்.

வேட்டைக் காலம் பொதுவாகச் செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை நீளும். இம்மலைகளில் முதன்மையான இலக்கு காட்டுப்பன்றி. ஊர்க்காரர்கள் பத்திருபது பேராகச் சேர்ந்து, நாய்களை விட்டு விரட்டி, சுற்றி நின்று சுடுவார்கள். சனி, ஞாயிறு காலைகளில்தான் பெரும்பாலும் நடக்கும். 2019ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இத்தகைய கூட்டு வேட்டையில் ஒவ்வொருவரும் பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடை அணிய வேண்டும், பாதையோரத்தில் வேட்டை நடக்கிறது என்ற பலகையும் வைக்க வேண்டும். பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள், அல்லது அருகில் நிற்பவரிடம் பேசி வழி கேளுங்கள். பேசுவதற்கு அஞ்ச வேண்டாம். பெரும்பாலோர் எந்தப் பக்கம் போகலாம் என்று கைகாட்டி விடுவார்கள். சென்ற ஆண்டு ஒரு முதியவர் எனக்கு வழியோடு சேர்த்து ஒரு துண்டுப் பன்றி இறைச்சியையும் கொடுக்க வந்து, நான் மறுத்ததில் மனவருத்தம் கொண்டார். மற்றபடி உங்களுக்கும் மலிவான ஆரஞ்சு மேலாடை நான்கு வாங்கிக்கொள்ளுங்கள். ரயில் தடம் பலர் புழங்கும் திறந்த பாதை. மேலே காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகளைத் திங்கட்கிழமைக்கு ஒதுக்குங்கள்.

வேட்டையை விட எனக்கு அச்சம் தருவது கடிகாரம். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 3 மணி 2 மணியாகத் திருப்பி வைக்கப்படும். முந்தைய நாள் வரை ஆறரை மணிக்கு மேலும் வெளிச்சம் இருந்ததை நம்பிக் கிளம்புகிறவர், மறுநாள் ஐந்தே முக்காலுக்குள் பள்ளத்தாக்கில் இருட்டில் நிற்பார். தலைவிளக்கு ஒன்றாவது பையில் இருக்கட்டும்.

துலூஸ் செல்வி · செப்டம்பர் 23, இரவு 10.10

உணவைப் பொறுத்தவரை, சுட்ட கஷ்கொட்டை, ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, ரொட்டி, ஆப்பிள் சாறு, கஷ்கொட்டைப் பசை தடவிய மெல்லிய தோசை போன்ற கிரேப் ஆகியவை எல்லா விழாவிலும் இருக்கும். அம்மா பசியோடு திரும்ப மாட்டார். கஷ்கொட்டை சூப்பில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பன்றிக் கொழுப்புத் துண்டுகளை வதக்கித்தான் பெரும்பாலும் அதைத் தொடங்குவார்கள், "இறைச்சி இல்லைதானே?" என்று கேட்டால் "இல்லை, கொஞ்சம் கொழுப்பு மட்டும்தான்" என்று மலர்ந்த முகத்தோடு பதில் வரும். தங்குமிடத்தில் இரவு உணவும் சேர்த்துப் பேசினால், மீனும் கிடையாது, இறைச்சிச் சாறும் கிடையாது என்று இரண்டையும் தனித்தனியே எழுதி அனுப்புங்கள்.

மகளுக்கு ஒரு விளையாட்டு: முள்ளுறைக்குள் உள்ள கொட்டையை அறுத்துப் பார்த்தால், உள்தோல் பருப்பைக் கூறுபோட்டிருந்தால் சத்தேஞ், பிரிக்காமல் ஒரே பருப்பாக இருந்தால் மாரோன் என்று வகைப்படுத்துவார்கள். நகரத் தெருக்களில் நிற்கும் "இந்திய மாரோன்" மரத்தின் கொட்டை இதைப் போலவே இருக்கும். ஆனால் அது நஞ்சு. பெயரில் இந்தியா இருந்தாலும் அந்த மரத்தின் தாயகம் பால்கன் மலைகள். நம் பெயரில் எதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

தட்டச்சன் · செப்டம்பர் 24, மதியம் 12.40

எல்லாரும் நெகிழ்ந்து பேசுவதால் ஓர் எதிர்க்கருத்து. நான் பார்த்த இரண்டு கஷ்கொட்டை விழாக்களும் கடைவீதிதான்: தேன், சோப்பு, மரப் பொம்மை, எங்கிருந்தோ வந்த மெத்தை வியாபாரி. பிரான்சில் விளைவது போதாமல் இத்தாலி, ஸ்பெயின், போர்த்துக்கல்லிலிருந்து கஷ்கொட்டை இறக்குமதியாகிறது என்பது ஊரறிந்தது. பழைய வறுமையின் பெயரைச் சொல்லி வார இறுதி வணிகம் நடக்கிறது. இதற்கு 700 கிலோமீட்டர் பயணம் ஏன் என்பது என் கேள்வி.

பனங்கிழங்கு · செப்டம்பர் 24, இரவு 9.50

மெத்தை வியாபாரியை நானும் பார்த்திருக்கிறேன் தம்பி; அவரை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் விளைச்சல் ஏன் போதவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் வேரை அழுகச் செய்யும் மை நோய் வந்து தோப்பு தோப்பாகச் சாய்த்தது. நின்ற மரங்களையும் தோல் பதனிடத் தேவையான சாயச்சத்துக்காக ஆலைகள் வெட்டி வாங்கின. பிறகு இளைஞர்கள் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் போனார்கள், உலகப் போர் மிச்சமிருந்தவர்களைக் கொண்டுபோனது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பட்டைப் புற்று நோய் பரவியது. இந்த நூற்றாண்டில் ஆசியாவிலிருந்து வந்த ஒரு சிறு குளவி மொட்டிலேயே முட்டையிட்டு மரத்தைக் காய்க்கவிடாமல் செய்தது. அதன் புழுவைத் தின்னும் இன்னொரு குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் சற்று மூச்சு வந்தது. இத்தனைக்கும் பிறகு ஒரு சரிவில் முப்பது மரத்தைக் கிளை கழித்து, ஒட்டுப்போட்டு, பன்றியிடமிருந்து காத்து வைத்திருக்கிற குடும்பத்துக்கு ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு இந்த இரண்டு வார இறுதிகளில் வரலாம். அவர்களுடைய கடையைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. கொட்டைகள் ஒரே அளவில் இருக்காது, வகையின் பெயர் கையால் எழுதப்பட்டிருக்கும், எந்தச் சரிவில் பொறுக்கியது என்று கேட்டால் விரலால் மலையைக் காட்டுவார்கள்.

ஆகவேதான் நடந்து போகச் சொல்கிறேன். காரில் வந்து இறங்குகிறவருக்கு விழா ஒரு கடைவீதி என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சேன்நதிக்கரை · நவம்பர் 5, இரவு 8.15

திரும்பி வந்துவிட்டோம். வாக்களித்தபடி எழுதுகிறேன், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழைமானி சொன்னது கிளம்புவதற்கு முதல் நாளே பலித்தது. வெள்ளிக்கிழமை மாலை மாவட்டம் ஆரஞ்சு நிறமானது. சனிக்கிழமை காலை பாரிசில் ரயில் ஏறும்போதும் ஆரஞ்சு. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடி பெசியேயில் இறங்கும்போது மஞ்சள். வாடகைக் காரில் மலைப் பக்கம் போகப் போக வானம் கழுவிவிட்டது போல் தெளிந்தது, ஆனால் ஓர்ப் ஆறு பால் குறைத்துப் போட்ட காப்பி நிறத்தில் கரையைத் தொட்டு ஓடியது. அருகிலுள்ள எரிக் என்ற பாறைப் பள்ளத்தாக்கின் பாதை மூடப்பட்டிருந்ததால் அன்றைய நடையைக் கைவிட்டு, மோன்-லா-திரிவால் அருகில் தங்கிய வீட்டின் பின்புறத் தோப்பைச் சுற்றினோம். அம்மா மரத்தைக் கண்டது அங்கேதான். முதலில் மரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை; தரையெல்லாம் வெடித்துக் கிடந்த முள்ளுறைகளைப் பார்த்து, "முள்ளம்பன்றிக் குட்டிகள் போல் இருக்கின்றனவே" என்றார். மகள் பொறுக்கக் குனிந்ததும் வீட்டுக்கார அம்மையார் மென்மையாகத் தடுத்தார். தோப்புகள் காடு போல் தோன்றினாலும் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. சாலையில் உருண்டு வந்தது பொறுக்கியவருக்கு, கல்வரம்புக்கு உள்ளே கிடப்பது தோப்புக்காரருக்கு. இதை யாரும் இங்கே எழுதவில்லையே என்று செல்லமாகக் கோபித்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் மாறியதில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. கணவர் எங்கள் மூவரையும் பழைய ரயில் நிலையத்துப் பக்கம் இறக்கிவிட்டு, காரை ஒலார்க்குக்கு ஓட்டிப்போய் விழாக் கூட்டம் சேருமுன் நிறுத்திவிட்டு, அங்கிருந்து எங்களை எதிர்கொண்டு நடந்து வந்தார். திரும்பும்போது யாருக்கும் நடை இல்லை. இந்த ஏற்பாட்டை முழங்கால் வலி உள்ளவர்களோடு போகும் அனைவருக்கும் பரிந்துரைக்கிறேன்.

அந்த ஆறேழு கிலோமீட்டரைச் சொல்லிப் புரியவைக்க முடியுமா என்று தெரியவில்லை. இடப்பக்கம் கீழே ஜோர் இரைந்துகொண்டிருந்தது. வலப்பக்கச் சரிவில் கல் அடுக்கிய மேடைகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிப் போயின. பாதிக்கு மேல் சரிந்து, உள்ளே ஓக் மரமும் முட்புதரும் மண்டிக்கிடந்தன. சில இடங்களில் மட்டும் புல் வெட்டப்பட்டு, கிளை கழிக்கப்பட்டு, மரத்தடி பெருக்கியது போல் சுத்தமாக இருந்தது. அம்மா அந்தச் சுத்தமான மேடைகளை எண்ணத் தொடங்கினார். ஒலார்க் கண்ணில் படும் வரை அவர் எண்ணியது பதினொன்று. கைவிட்டதை எண்ண முயன்று நிறுத்திவிட்டார். எங்கோ மேலே நாய்கள் குரைத்தன, இரண்டு முறை வெடிச்சத்தம் கேட்டது. நாங்கள் நால்வரும் சாலை போடும் தொழிலாளர்கள் போல் ஆரஞ்சு மேலாடையில் இருந்ததால் எதிரே மிதிவண்டியில் வந்தவர்கள் எல்லாரும் வழிகேட்டார்கள்.

விழாவைப் பற்றித் தட்டச்சனுக்கு ஒரு செய்தி: மெத்தை வியாபாரி இல்லை, சோப்பு இருந்தது. துளையிட்ட பெரிய இரும்பு உருளைகளை விறகு நெருப்பின் மேல் கையால் சுழற்றிக் கஷ்கொட்டையைச் சுட்டார்கள். புகை அந்தக் குறுகிய தெருக்களுக்குள் புகுந்து வெளியேற வழியில்லாமல் நின்றதில் இன்று வரை என் கம்பளிச் சட்டையில் அந்த வாசனை போகவில்லை. பழைய ஓபோ போன்ற ஒரு குழலை ஒருவர் வாசித்துப் போனார். நாகசுரத்தின் மெலிந்த தம்பி என்றார் அம்மா. சுட்ட கொட்டையை உரித்து முதல் வாய் போட்டதும் அவர் சொன்னது, "பலாக்கொட்டையைக் கும்முட்டியில் சுட்டால் இப்படித்தான் இருக்கும், இது இன்னும் கொஞ்சம் இனிப்பு." பனங்கிழங்கு அண்ணா சொன்ன அடையாளப்படியே, கையால் எழுதிய சீட்டு வைத்திருந்த ஒரு கடையில் மூன்று கிலோ வாங்கினோம். எந்தச் சரிவு என்று கேட்டேன். அந்தப் பெண்மணி விரலால் மலையைக் காட்டியதோடு நிற்கவில்லை. எந்த வளைவில் பாதையோரம் நடந்திருப்போம், அங்கே எத்தனை மேடை தெரிந்திருக்கும் என்று சொன்னார். அம்மா எண்ணியதில் நான்கு அவருடையவை.

சூப்பில் கொழுப்பு இருந்தது. செல்வி அக்காவுக்கு வணக்கம்.

இருளைப் பற்றி எச்சரித்த கூழாங்கல் அண்ணாவுக்கும் நன்றி. புது வைன் கடைக்கு எதிரே கணவர் நேரம் மறந்து நின்றதில் காரை அடையும்போது கும்மிருட்டு.

திங்கட்கிழமை எச்சரிக்கை பச்சைக்குத் திரும்பி எரிக் பாதை திறந்தது. சுமார் ஐந்து கிலோமீட்டர், கார் நுழையாத, பெரும்பாலும் சிமெண்டு பூசிய பாதை. இருபுறமும் செங்குத்துப் பாறை, நடுவே மழை நிரப்பிய பச்சைக் குட்டைகள், முடிவில் எரிக் என்ற குக்கிராமம். ஏற்றம் மெதுவானது என்றாலும் திரும்பி வருவது முழுக்க இறக்கம் என்பதால் அம்மாவும் நானும் பாதி வழியில் ஒரு பாறை மேல் உட்கார்ந்துகொண்டோம். கணவரும் மகளும் மேலே வரை போய் வந்தார்கள். சுருண்ட கொம்புடைய காட்டுச் செம்மறிகள் மூன்றை எதிர்ச்சரிவில் பார்த்ததாக மகள் சாதிக்கிறாள். இம்மலையில் 1956இல் அவற்றைக் கொண்டுவந்து விட்டார்களாம். இப்போது அவற்றுக்கு இணை சேரும் பருவம் நெருங்குவதால் வெளியே வரும் என்று தங்குமிடத்தில் சொன்னார்கள். கணவர் பார்த்தது பாறையைத்தான்.

தட்டச்சன் · நவம்பர் 5, இரவு 9.40

சோப்பை ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து பார்க்கிறேன்.

மழைமானி · நவம்பர் 5, இரவு 10.05

ஆரஞ்சு அன்று பள்ளத்தாக்குப் பாதையைக் கைவிட்டீர்களே, அதுவே எனக்குப் போதும். சிமெண்டு பூசிய நல்ல பாதை என்பதால்தான் மக்கள் ஏமாறுகிறார்கள். ஒதுங்க இடமில்லாத பாறைச்சுவர்களுக்கு நடுவே நீர் எழும்பும் வேகம் காலுக்குக் கீழே என்ன பூசியிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

சேன்நதிக்கரை · நவம்பர் 6, காலை 8.20

ஒரு சிறு உதவி. வாங்கி வந்த மூன்று கிலோவில் சிலவற்றில் ஊசித்துளை போல ஓட்டை தெரிகிறது. அம்மா மொத்தத்தையும் பால்கனியில் பாய் விரித்து வெயிலில் பரப்பியிருக்கிறார். ஆனால் பாரிசில் ஏது வெயில்? எப்படிக் காப்பது?

பனங்கிழங்கு · நவம்பர் 6, காலை 9.05

பாயைச் சுருட்டச் சொல்லுங்கள். முதலில் எல்லாவற்றையும் ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதப்பவை பெரும்பாலும் புழு தின்றவை அல்லது உள்ளே வற்றியவை, எடுத்து எறிந்துவிடலாம். மூழ்கியவற்றைக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு துணியில் துடைத்து, நிழலில் முழுவதும் உலர்த்தி, குளிர்பெட்டியின் அடித்தட்டில் துணிப்பையில் வையுங்கள். ஞெகிழிப் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். சில வாரம் தாங்கும். சுடும் முன் ஒவ்வொன்றின் ஓட்டிலும் கத்தியால் ஒரு கீறல் போட மறக்க வேண்டாம், அடுப்புக்குள் வெடிக்கும்.

சேன்நதிக்கரை · நவம்பர் 6, இரவு 7.30

பதினாறு மிதந்தன. அதில் ஆறை அம்மா "பாதி நன்றாகத்தான் இருக்கிறது" என்று எறிய விடவில்லை.